ஆறு நின்ற மூன்று மணி நேரம்

ஆனி 28, வெள்ளி

உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. வாரம் ஒரு தடவை அவர் வீட்டுக்கு மீன் கொடுக்கிறேன், அந்த மரியாதை. "ஒரு சென்ட் நெலம் இல்லாதவளுக்கு உரக்கடை டைரி எதுக்கு குஞ்சம்மா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். நிலம் இல்லாவிட்டால் நாளும் கிழமையும் இல்லையா? ஆறு மாதமாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆட்டுக்குத் தழை ஒடித்தேன். புளி உடைத்தேன். மகள் கோகிலா திருப்பூரிலிருந்து போன் பண்ணி, மருமகனுக்குச் சளி என்றாள். நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னேன். கேட்கமாட்டார்கள், மாத்திரைதான் வாங்குவார்கள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ருக்குமணி வந்து, "அக்கா, நாளைக்கு ஆத்துல எறங்கலாமா, பெட்சீட்டெல்லாம் தொவைக்கணும்" என்றாள். கல்துறையில் நாற்பது வீடு. நாற்பது வீட்டிலும் ஆற்றில் கால் வைக்கும் முன் என்னைத்தான் கேட்பார்கள். பீற்றிக்கொள்ளவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். மேலே மழை பெய்து வெள்ளம் வருகிறதென்றால் அரை நாளைக்கு முன்னாலேயே ஆறு காட்டிவிடும். முதலில் ஓரத்தில் பொடி நுரை ஒதுங்கும். பிறகு மூங்கில் இலையும் செத்தையும் மிதந்து வரும். அப்புறம் தண்ணீர் செங்காவி கட்டும். மூன்றும் இல்லையென்றால் பயமில்லை. கல்யாணமாகி வந்து இருபத்துமூன்று வருஷம், நான் சொன்னது ஒரு தடவையும் தப்பவில்லை.

வலை போட்டிருக்கிறோம். எங்கே என்று எழுதமாட்டேன். புது அணைக்காரர்கள் அங்கே போகாதே, இங்கே போகாதே என்று பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். காகிதம் யார் கையில் வேண்டுமானாலும் சிக்கும்.

ஆனி 29, சனி

மத்தியானம் தலையாரி மாரப்பன் தமுக்கு அடித்துக்கொண்டு வந்தான். "அணை நெறையப் போவுது. எந்த நேரமும் தண்ணி தொறப்பாங்க. யாரும் ஆத்துல எறங்கக் கூடாது." எங்களுக்கு ஒரு காத தூரம்கூட இல்லை, மேலே இருக்கிறது அணை. கட்டி முடித்து இரண்டு வருஷம். இந்த வருஷம்தான் முதல் தடவையாக நிறைகிறதாம்.

இந்த மாதத்தில் இது நான்காவது தமுக்கு. முன்னே மூன்று தடவையும் வேலையை விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து ஈ ஓட்டினோம். ஒரு சாண் தண்ணீர் ஏறவில்லை.

"மாரப்பா, தமுக்குத் தோலு கிழிஞ்சதுதான் மிச்சம்" என்றேன்.

"எனக்கென்னக்கா, அடின்னா அடிக்கறேன்" என்று சொல்லி, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

வீட்டுக்காரருடைய தம்பி பச்சியண்ணன் வந்தான். "அண்ணி, தொறந்துட்டா வலை போயிருமே" என்றான். புது வலை. அணை வந்தபிறகு ஆற்றில் மீன் எங்கே இருக்கிறது, அந்த ஒரு இடத்தில்தான் கெளுத்தி கிடைக்கிறது. அவர் வாயே திறக்கவில்லை. அவருக்கு ஒரு வார்த்தை வருவதற்குள் மற்றவன் சோறு தின்று முடித்துவிடுவான்.

விடியட்டும், பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆனி 32, செவ்வாய்

அவர் இன்னும் வரவில்லை.

ஞாயிறு காலை இரண்டு பேரும் பரிசலில் போனார்கள். தண்ணீர் திறந்துவிட்டார்கள். பச்சியண்ணன் மட்டும் ஊருக்கு இரண்டு மைல் கீழே கரையேறினான். "ஊருக்குக் கீழ மணல்துறையில பரிசல் கவுந்துருச்சு, நான்தான் அண்ணன வா வான்னு கூப்பிட்டுக்கிட்டுப் போனேன்" என்று போலீசிடம் சொன்னான். எழுதிக்கொண்டார்கள்.

என்னையும் கேட்டார்கள். "போறேன்னாரு, போனாரு" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கோகிலா வந்துவிட்டாள். அழுது அழுது அவளுக்குக் குரலே போய்விட்டது.

ஆடி 1, புதன்

ஆட்டுக்குத் தழை. அவரைப் பெற்ற அத்தைக்குக் கஞ்சி. தண்ணீர் குறையவில்லை.

ஆடி 3, வெள்ளி

தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகில் மணல்துறையிலிருந்து கீழே பாலம் வரைக்கும் தேடினார்கள். மூன்றாவது நாள். நல்ல பிள்ளைகள், வெயிலில் கறுத்துப்போனார்கள். ஊர்க்காரர்கள் கரையெல்லாம் நின்று பார்த்தார்கள். நான் பார்க்கப் போகவில்லை. வீட்டில் வேலை இருந்தது.

ஊரே பச்சியண்ணனைத்தான் ஏசுகிறது. டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துகொள்கிறார்களாம். "கூடப் பொறந்தவன ஆத்துல உட்டுட்டு வந்தவன் மூஞ்சப் பாரு" என்று அவன் காது கேட்கவே சொல்கிறார்கள். அவன் வாய் திறப்பதில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு வந்தான். அத்தை தன் தட்டிலிருந்த களி உருண்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். பெற்றவள், ஒரு பிள்ளை போனதற்கு இன்னொரு பிள்ளையை நாலு வார்த்தை கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அவன் என்னைப் பார்த்தான். நான் குழம்புச் சட்டியைப் பார்த்தேன்.

ஆடி 4, சனி

ருக்குமணி பழக்கத்தில் கேட்டுவிட்டாள். "அக்கா, ஓரமா நின்னு தொவைக்கலாமா? தண்ணி எப்படி இருக்கு?"

"என்னக் கேக்காத. அணைக்குப் போனப் போட்டுக் கேளு" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. அவள் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆடி 6, திங்கள்

தண்ணீரை ஒரு நாள் நிறுத்தச் சொல்லிக் கேட்கப் போனோம், நானும் பச்சியண்ணனும். ஆறு வடிந்தால் அவரை எடுத்துவிடலாம். எனக்கு வேறொன்றும் வேண்டாம். கையிலே கிடைத்தால் போதும்.

இன்ஜினியர் வயசுப் பையன்தான். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். அதட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தன்மையாகப் பேசுகிறவர்களிடம் என்ன செய்வது?

"மேலேருந்து வந்துக்கிட்டே இருக்கும்மா. அடைச்சா அணை தாங்கணும். கீழ நாத்து உட்டுட்டு நிக்கறாங்க. பதினெட்டாம் பெருக்குக்கு அங்க தண்ணி போயாகணும்னு உத்தரவு வேற. நான் நெனைச்சா மதகு மூடிர முடியாது."

"ஒரு நாளு சார். ஒரு பகலு" என்றேன்.

"மூடினாலும் எங்கம்மா தேடுவீங்க? மணல்துறையில கவுந்துச்சுன்னா இந்நேரம் அடுத்த ஜில்லாவுக்கே போயிருக்கும். இந்த எடத்துலதான் இருக்காருன்னு ஒரு எடத்தக் காட்டினா மேல எழுதிக் கேக்கலாம். காட்ட முடியுமா?"

பச்சியண்ணன் என் பக்கம் திரும்பினான். நான் டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

பஸ்ஸில் வரும்போது, "சொல்லிரலாமா அண்ணி?" என்றான்.

"எதை?" என்றேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு அவன் மேல்தான் எரிச்சலாக வந்தது.

ஆடி 7, செவ்வாய்

இழுப்புத் தண்ணீரில் வலை எடுக்கும்போது ஒருவன் பரிசலைத் துடுப்பால் பிடித்து நிறுத்துவான். இன்னொருவன் தண்ணீரில் இறங்கி, வலையின் தலைக்கயிற்றை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு இழுப்பான். கையில் பிடித்தால் வழுக்கும். எங்கள் துறையில் எல்லோரும் இப்படித்தான். இழுத்தால் அவிழும் முடிச்சுதான் போடுவார்கள். ஆனால் கயிறு இறுகிவிட்டால் எந்த முடிச்சும் அவிழாது.

வலையின் மறுமுனை பாறையில் கட்டியிருக்கும். ஆனைப்பாறையில். அணைக்குக் கீழே ஒன்றரை மைல். பலகை நட்டுத் தடுத்த இடத்துக்குள்ளே.

அன்று தண்ணீரில் இறங்கியது அவர். அடுத்த ஜில்லாவுக்குப் போகவில்லை. எங்கேயும் போகவில்லை.

எழுதிவிட்டேன். கிழித்துவிடலாம் என்று நினைத்தேன், கிழிக்கவில்லை.

ஆடி 9, வியாழன்

பச்சியண்ணன் அன்று செய்ததிலும் நியாயம் இருக்கிறது. தடுத்த இடத்தில் வலை போட்டது தெரிந்தால் கேஸ் போடுவார்கள். துறை முழுவதற்கும் மீன் பிடிக்கும் அனுமதியைப் பிடுங்குவார்கள். நாற்பது குடும்பம். அன்று கரையேறி, மூச்சு வாங்க உட்கார்ந்த நேரத்தில் அவன் இதையெல்லாம் யோசித்து இடத்தை மாற்றிச் சொல்லியிருக்கிறான். இடத்தை மாற்றியது ஊருக்காக. "நான்தான் கூப்பிட்டேன்" என்றானே, அது யாருக்காக?

சொந்தக்காரர்கள் வந்து, பதினோரு நாள் ஆகிவிட்டது, பொம்மை செய்து வைத்துக் காரியம் பண்ணிவிடலாம், இனி ஆள் கிடைக்காது என்றார்கள். தாலியைப் பற்றியும் ஜாடையாகப் பேசினார்கள்.

அத்தை எழுந்து நின்றாள். "எம்புள்ளைய எங் கண்ணுல காட்டாம எவனும் எந்தக் காரியமும் பண்ணக் கூடாது" என்றாள். பிறகு கம்பை ஊன்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தினமும் போகிறாள். எல்லோரும் கீழே, பாலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவள் மட்டும் மேலே, அணைப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். வெயில் முகத்தில் அடிக்கிறது, திரும்பி உட்காருங்கள் என்றால் கேட்பதில்லை.

ஆடி 10, வெள்ளி

சொல்லிவிடுகிறேன். இங்கேகூடச் சொல்லாவிட்டால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும்.

அன்றைக்கு விடியலில் ஆற்றுக்குப் போனேன். அவரும் பின்னாலேயே வந்து நின்றார். ஓரமெல்லாம் பார்த்தேன். நுரை இல்லை. ஒரு இலை இல்லை. கையில் அள்ளிப் பார்த்தேன், கண்ணாடியாக இருந்தது. வாயில் ஊற்றிப் பார்த்தேன், மண் ருசி இல்லை.

"என்ன சொல்ற?" என்று கேட்டார்.

"தமுக்கடிக்கறவனுக்கு என்ன தெரியும். மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் வராது. போயி வலையை எடுத்துட்டு வந்துருங்க" என்றேன்.

அவர் தயங்கினார். ஆமாம், தயங்கினார். மேலே பார்த்தார். "நெசமாத்தான் சொல்றியா?" என்று இன்னொரு தடவை கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இருவத்திமூணு வருசமா எம் பேச்சு தப்பியிருக்கா? வலை போனா நீங்களா கொண்டாருவீங்க?" என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தம்பியைக் கூப்பிடப் போனார்.

எட்டு மணிக்கு நான் கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. குண்டான் மிதந்து போனது. அப்போதும் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. இடுப்புக்கு ஏறியபோதும் அடியில் கிடந்த கூழாங்கல்லெல்லாம் எனக்குத் தெரிந்தது. நுரையும் இலையும் செம்மண்ணும் அணைக்குப் பின்னால் தங்கிவிட்டன, வெறும் தண்ணீரை மட்டும் வடிகட்டித் திறந்துவிட்டிருக்கிறார்கள். இதை யோசிக்க எனக்குப் புத்தி இல்லாமல் போய்விட்டது. அணை கட்டுவதை இரண்டு கண்ணாலும் பார்த்தவள்தானே நான். பார்த்தும், ஆறு பழைய ஆறு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூப்பிட்டேன். மூன்று மைலுக்கு அப்பால் இருக்கிறவருக்குக் கேட்குமா? தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

ஆடி 11, சனி

யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ்ஸில் போனேன். இன்ஜினியர் வரும்வரை வாசலில் நின்றேன்.

"எடம் காட்டறேன் சார். ஆனைப்பாறை மடுவுல இருக்காரு. வலைக்கயிறு இடுப்புல இருக்கு. அதனால எங்கயும் போயிருக்க மாட்டாரு."

அவர் பேனாவைத் திறந்தார். "அது தடை பண்ணின எடம்மா" என்றார்.

"தெரியும்."

"எழுதிக் குடுத்தா கேஸ் ஆகும்."

"ஆகட்டும் சார். வலை என்னுது. போகச் சொன்னதும் நான்தான். எம் பேருல போடுங்க. துறையில மத்தவங்களுக்கு இதுல சம்பந்தம் இல்லன்னும் எழுதிக்கங்க."

அவர் எழுதவில்லை. பேனாவை மூடினார். "போலீசுல வேற மாதிரி சொல்லியிருக்காங்களேம்மா" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளாக ஊர் பார்க்க அழுத அழுகை இல்லை அது. அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு காகிதத்தை எடுத்து என்னையே எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று வீட்டுக்காரர் சொல்வார். இன்று கோணிப்போனது.

ஆடி 13, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. நாளை காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை மதகை மூடுகிறார்கள். மூன்று மணி நேரம்தான், அதற்கு மேல் அணை தாங்காதாம்.

ஆனைப்பாறை என்ற பேரைக் கேட்டதும் ஊர் கொதிக்கிறது. எங்கள் எல்லார் சோற்றிலும் மண் போட்டுவிட்டான் என்று பச்சியண்ணனைத்தான் இதற்கும் ஏசுகிறார்கள். அவன் போய்ச் சொன்னதாக நினைக்கிறார்கள். அவன் அதற்கும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அதிகாரியிடம் சொல்ல வந்த வாய், அக்கம்பக்கத்தில் சொல்ல வரமாட்டேன் என்கிறது.

ஆடி 14, செவ்வாய்

பத்து மணிக்குச் சங்கு ஊதினார்கள். அரை மணி நேரத்தில் ஆறு இறங்க ஆரம்பித்தது.

யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். பாறை மேல் ஏறித் திரும்பிப் பார்த்தால், கல்துறை மொத்தமும் பின்னால் வருகிறது. ருக்குமணி ஒரு வெள்ளை வேட்டியை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். குட்டைகளில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது, கையாலேயே அள்ளலாம். இரண்டு வருஷமாக மீனுக்கு அலைந்தவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். ஒருவரும் குனியவில்லை.

மடுவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பச்சியண்ணன்தான் முதலில் இறங்கினான். பாறைக்கு அடியில் குடைவு மாதிரி ஒரு இடம் இருக்கிறது. மூன்று தடவை மூழ்கினான். நான்காவது தடவை எழுந்தபோது கையில் தலைக்கயிறு இருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

எப்படி இருந்தார் என்று எழுதமாட்டேன்.

வலை பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டு வரவில்லை. பத்துப் பேர் இழுத்தும் வரவில்லை. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். என் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம், அவிழவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு, திறக்கப்போவதாக முதல் சங்கு ஊதிவிட்டார்கள். கரை மேலே நின்று இன்ஜினியர் போனில், "கால் மணி நேரம் சார், வெறும் கால் மணி நேரம் குடுங்க சார்" என்று யாரிடமோ கெஞ்சுவது கேட்டது. கொடுக்கவில்லை. பச்சியண்ணன் கத்தியால் கயிற்றை இரண்டு பக்கமும் அறுத்தான். வேட்டியில் சுற்றிக்கொண்டு எல்லோருமாகத் தூக்கி ஏறினோம்.

கடைசி ஆள் மேட்டுக்கு ஏறி நிற்கவும் தண்ணீர் வரவும் சரியாக இருந்தது. அன்றைக்கு மாதிரியே தெளிவாக வந்தது. ஒரு இலை இல்லை.

அத்தைக்குக் காட்டினார்கள். காலை மட்டும்தான் காட்டினார்கள். அவள் அதைத் தொட்டுப் பார்த்து, "எம்புள்ள காலுதான்" என்றாள்.

ஆடி 16, வியாழன்

பால் தெளிக்கப் போனோம். கேஸ் கட்டாயம் வரும் என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டுப் போனார். அனுமதியைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

சடங்கு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, வீட்டுக்காரருடைய சித்தப்பா பச்சியண்ணனைப் பார்த்து, "வேண்டாம் வேண்டாம்னு இருந்தவன இழுத்துக்கிட்டுப் போயி எமனுக்குக் குடுத்துட்டியேடா" என்றார். அவன் வழக்கம் போலத் தலையைக் குனிந்துகொண்டான். தாடி வளர்ந்து, பாதி ஆளாகிவிட்டான்.

நான் எழுந்து நின்றேன். "அவன் இழுத்துக்கிட்டுப் போகல மாமா. நான் போகச் சொன்னேன். ரெண்டு தடவ கேட்டாரு, ரெண்டு தடவையும் போங்கன்னேன். ஆனைப்பாறைன்னு ஆபீசுல போயிச் சொன்னதும் நான்தான். இவன் எம் மானத்தக் காப்பாத்தறதுக்குப் பதினெட்டு நாளா அடிவாங்கிக்கிட்டு நிக்கறான்."

கோகிலா என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். தடுக்க எனக்கு முகம் இல்லை. பச்சியண்ணன் மட்டும் குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதான்.

வீட்டுக்கு வந்து அத்தையின் காலடியில் உட்கார்ந்தேன். ஏசட்டும், காறித் துப்பட்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அவள் கம்பைச் சுவரில் சாத்தினாள்.

"எனக்குத் தெரியுண்டி" என்றாள். "அவன் உன்னக் கேக்காம ஆத்துல காலு வெச்சதே இல்ல. அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் அத்தை என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டிருந்தா நீயும் ஆத்துல எறங்கியிருப்ப" என்றாள். "ரெண்டு பேரத் தேடறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல சாமி."